இருபது வயசு... ஒரு வெள்ளைப் பாவாடை!

'இந்த வாரம் பாவாடையோட ஹிஸ்டரி எழுதப் போறேன்'னு சொன்னதும் என் ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். 'டேய், நீ மெக்கானிக்கல்டா... லேத்தைப் பத்தி எழுது'ன்னு அட்வைஸ் வேற. எழுதினதைப் படிச்சு முடிச்சப்ப அவன் சிரிக்கலை. நீங்களும் கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

பாலே டான்ஸை சினிமாவுலயாவது பார்த்திருப்பீங்க. ஆடுற பொண்ணோட இடுப்பைச் சுத்தி தட்டு மாதிரி விறைப்பா ஒண்ணு நிக்குமே, அதுக்குப் பேர் 'டூடூ'. பேருக்கு அர்த்தம் கேட்காதீங்க! சரி, கேட்டுட்டீங்க... பிரெஞ்சுக் குழந்தைங்க பின்பக்கத்தைச் செல்லமா சொல்ற வார்த்தையில இருந்து வந்ததா சொல்றாங்க.

ஆனா பாலே பிறந்தப்ப இந்த டிரஸ் கிடையாது. அது அரண்மனை டான்ஸ். 1653-ல பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயியே சூரியன் வேஷம் கட்டி ஆடியிருக்கார். அப்புறம் பெண்கள் தொழில்முறையா மேடை ஏறினப்பவும் தரையைத் தொடுற கனமான பாவாடைதான். உள்ளே கால் என்ன வித்தை பண்ணுதுன்னு ஆடுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி பகலா கண் முழிச்சு ப்ராஜெக்ட் பண்ணிட்டு, அதைத் துணி போட்டு மூடி வெச்சு வைவா கொடுத்தா எப்படி இருக்கும்? மரி கமார்கோவுக்கும் அதே கடுப்பு. ஆண்களோட ஏரியான்னு நினைச்சிருந்த துள்ளல்களை, அந்தரத்துல காலைப் பின்னுற வித்தைகளை 1720-கள், 30-கள்ல பாரிஸ் மேடையில ஆடிக் காட்டினவங்க. அது ஆடியன்ஸ் கண்ணுல படணும்னு பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏத்தினாங்க. சில அங்குலம்தான். அதுக்கே ஊர் வாயைப் பிளந்துச்சு!

அடுத்த ஜம்ப் 1832 மார்ச் 12. பாரிஸ் ஆபராவுல 'லா சில்ஃபீட்' அரங்கேற்றம். ஹீரோயின் மரி தாக்லியோனி. காற்றுல மிதக்குற தேவதை வேஷம். கனமான துணியோட எப்படி மிதக்க முடியும்? அதனால மணி மாதிரி விரியுற வெள்ளைப் பாவாடை. மெல்லிசான துணியை அடுக்கடுக்கா தைச்சு, கெண்டைக்கால் வரைக்கும் விட்டது. இதைத்தான் பின்னாடி 'ரொமான்டிக் டூடூ'ன்னு சொன்னாங்க. அதைப் போட்டுக்கிட்டு கால் விரல் நுனியில அவங்க நின்னப்ப, தரையில கால் படுதா இல்லையான்னே தெரியலையாம்.

இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் சப்ஜெக்ட் உள்ளே வருது பாஸ். பாரிஸ் ஆபராவுக்கு 1822-ல கேஸ் விளக்கு வந்தாச்சு. அந்த வெளிச்சத்துல வெள்ளை மெல்லிய துணி நிலா மாதிரி ஜொலிக்கும். ஆனா பஞ்சுத் துணி, அதுவும் மெல்லிசு, அடுக்குக்கு நடுவுல நிறைய காற்று. ஒரு அடுப்பு பத்திக்க என்னென்ன வேணுமோ எல்லாமே அந்தப் பாவாடைக்குள்ளே இருக்கு. பக்கத்துலயே திறந்த சுடர். 1844 டிசம்பர்ல லண்டன் ட்ரூரி லேன் தியேட்டர்ல கிளாரா வெப்ஸ்டர்னு ஒரு டான்ஸர், ஆடியன்ஸ் கண் முன்னாடியே தீப்பிடிச்சு, சில நாள்ல இறந்துபோனாங்க.

'இதுக்கு வழியே இல்லையா?'ன்னு கேட்பீங்க. இருந்துச்சு! அதுதான் இந்தக் கதையில என்னைத் தூங்கவிடாத விஷயம். கார்த்தெரோன்னு ஒருத்தர், துணியை ரசாயனக் கரைசல்ல முக்கி எடுத்தா சட்டுனு தீப்பிடிக்காதுன்னு ஒரு முறையைக் கொண்டுவந்தார். 1859-ல பிரான்ஸ் அரசு, மேடைத் துணிகளை இப்படிப் பக்குவப்படுத்தணும்னு ஆணையே போட்டுச்சு. ஒரே பிரச்னை... முக்கி எடுத்த துணி விறைச்சுப்போகும், நிறம் மங்கிப்போகும். மிதக்க வேண்டிய தேவதை சாக்குப்பை கட்டின மாதிரி ஆயிடும்.

எம்மா லிவ்ரி 'முடியாது'ன்னுட்டாங்க. தாக்லியோனியோட செல்ல சிஷ்யை. 16 வயசுல குருவோட அதே 'லா சில்ஃபீட்' ஆடி ஹிட் ஆனவங்க. 1860-ல இவங்களுக்காகவே தாக்லியோனி அமைச்ச பாலேவுக்குப் பேர் 'பட்டாம்பூச்சி'. அதுல கதாநாயகி தீப்பந்தத்துல சிறகு கருகிப்போவா! அதே வருஷம் எம்மா ஆபரா டைரக்டருக்கு லெட்டரே எழுதிக் கொடுத்தாங்க. 'பழைய பாவாடையோடதான் ஆடுவேன், என்ன நடந்தாலும் நானே பொறுப்பு'ங்கறதுதான் அதோட சாரம்.

1862 நவம்பர் 15, ஒரு ரிகர்சல். மேடை ஓரமா நின்னு பாவாடையை விரிச்சு சரிபண்ணினாங்க. கேஸ் சுடர் தாவிடுச்சு. எரியற பாவாடையோட மேடை முழுக்க ஓடியிருக்காங்க. எட்டு மாசம் உயிரோட போராடி, 1863 ஜூலை 26-ல போய்ட்டாங்க. படுக்கையில இருந்தப்பகூட, 'மறுபடி மேடை ஏறினாலும் அந்த அசிங்கமான பாவாடையைப் போடமாட்டேன்'னு சொன்னதா பதிவு இருக்கு. சாகும்போது வயசு 20.

எனக்கும் இப்போ 20. திமிர்னு ஒரு வார்த்தையில முடிச்சுட மனசு வரலை. போன செமஸ்டர்ல வெல்டிங் பண்ணும்போது முகக்கவசத்தைத் தள்ளி வெச்சுட்டு போஸ் கொடுத்து போட்டோ எடுத்தவன் நான். எம்மாவாவது கலைக்காக பண்ணினாங்க. நான் ப்ரொஃபைல் போட்டோவுக்காக!

அப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1880-கள்ல தியேட்டர்களுக்கு மின்விளக்கு வர ஆரம்பிச்சது. அதே சமயம் இத்தாலியில இருந்து ரஷ்யா போன டான்ஸர்கள் சுழற்சியில பட்டையைக் கிளப்பினாங்க. பியரினா லெஞ்ஞானி ஒத்தைக் கால்ல தொடர்ந்து 32 சுத்து! முட்டி தெரியணுமே? பாவாடை இன்னும் மேலே ஏறுச்சு. கடைசியில அடுக்கு வலையை உள்ளே ஒரு வளையம் தாங்க, இடுப்புல படுக்கையா நிக்கிற தட்டு டூடூ. அதுலயும் ஒரு சிக்கல். கும்பலா ஆடும்போது ஒருத்தர் தட்டு இன்னொருத்தர் தட்டுல இடிக்கும். 1950-ல நியூயார்க் சிட்டி பாலேவுக்காக கரின்ஸ்கா அந்த வளையத்தையே தூக்கிட்டு, வலை அடுக்குகளைச் சின்னதா வெட்டி, லூஸா தைச்சு, பவுடர் பஃப் மாதிரி மெத்துனு ஆக்கினாங்க. நல்ல டிசைன் இன்ஜினீயர்னு நான் சர்டிஃபிகேட் தர்றேன்!

எம்மா அன்னிக்குப் போட்டிருந்த டிரஸ்ஸோட எரிஞ்ச மிச்சத்தைப் பாரிஸ் ஆபரா மியூசியத்துல பத்திரமா வெச்சிருக்காங்க. போட்டோவுல பார்த்தேன். கருகின துணித் துண்டுகள், அவ்வளவுதான். ரூம்மேட் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, 'உன் வெல்டிங் போட்டோவை இன்னும் டெலிட் பண்ணலையாடா?'ன்னான்.

பண்ணிட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம், லேப் ரெக்கார்ட் வேற பாக்கி இருக்கு!