எது கழிவு, எது தரிசு?

ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே ஆப்பு அடித்தாற்போல் நீண்டிருக்கும் பகுதி குப்பம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இம்மண்ணுக்கு, 2025 ஆகஸ்ட் 30 அன்று கிருஷ்ணா நதி நீர் வந்தது. பரமசமுத்திரத்தில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அந்நீருக்கு ஆரத்தி எடுத்தார. ஸ்ரீசைலத்திலிருந்து ஹந்திரி-நீவா கால்வாய் வழியே எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, மேடுகளில் இறைத்து ஏற்றிக் கொண்டுவரப்பட்ட நீர் அது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி இறங்கியும் புழுதியைக் கக்கும் ஊர்களில் அதைக் கண்டு மக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. அந்த நீர் இனி எந்தப் பயிருக்குப் பாயப்போகிறது என்பதே இப்போது எழும் கேள்வி.

கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் ஆந்திர அரசு ஒருங்கிணைந்த தூய எரிசக்திக் கொள்கையை வெளியிட்டது. அடுத்த மாதமே ரிலையன்ஸ் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. மாநிலமெங்கும் 500 உயிரி எரிவாயு ஆலைகள். ஆலை ஒன்றுக்கு ரூ.130 கோடி வீதம் ரூ.65,000 கோடி முதலீடு. இரண்டரை லட்சம் பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. முதல் ஆலைக்கு 2025 ஏப்ரலில் பிரகாசம் மாவட்டம் திவாகரபள்ளியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அனந்தபூர், கடப்பாவுடன் சித்தூர் மாவட்டமும் முதற்கட்டப் பட்டியலில் உள்ளது. இந்த ஆலைகளுக்கான முதன்மைத் தீனி, தரிசு நிலங்களில் வளர்க்கப்படவிருக்கும் நேப்பியர் புல்.

கழிவையும் தாவரப் பொருளையும் எரிபொருளாக்கும் அறிவியலை உழைக்கும் மக்களின் இயக்கம் எதிர்க்க வேண்டியதில்லை. எதிர்க்கவும் கூடாது. கச்சா எண்ணெய்க்கு அயல்நாட்டை நம்பியிருக்கும் நாட்டுக்கு அது தேவையான அறிவியல். ஆனால் அந்த அறிவியலின் முதல் விதி, கிடைக்கும் பொருளை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பது. உணவாகக் கூடியது முதலில் உணவாக வேண்டும், மருந்துக்கும் தொழிலுக்கும் உதவும் பொருள்களை அடுத்துப் பிரித்தெடுக்க வேண்டும், எஞ்சியதே எரிபொருள், எரிபொருளும் போக மிஞ்சுவது எருவாக மண்ணுக்குத் திரும்ப வேண்டும். இந்த வரிசை கலைந்தால், ஆலை எத்தனை நவீனமானாலும் அது மண்ணைத் தின்னும் ஆலைதான்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் உண்மையான கழிவுக்குப் பஞ்சமே இல்லை. நாட்டின் மாங்கூழ்த் தொழிலின் பெரும் மையம் இது. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் தோதாபுரி மாங்காய் கோடைதோறும் இங்குள்ள ஆலைகளில் மலையாகக் குவிகிறது. எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரியிலும் இதே காட்சிதான். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோலும் கொட்டையுமாக வெளியேறுகிறது. அந்தத் தோலில் பெக்டின் இருக்கிறது. பழப்பாகு உறைவதற்கும் மருந்துத் தயாரிப்புக்கும் அது வேண்டும். கொட்டைப் பருப்பில் உள்ள கொழுப்பு, சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் ஒன்று. இவற்றை எடுத்த பின் எஞ்சும் சக்கையைக் காற்றுப் புகாத தொட்டியில் செரிக்கவைத்தால் மீத்தேன் கிடைக்கும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாந்தோலில் சர்க்கரை மிகுதி. அதை மட்டும் தொட்டியில் கொட்டினால் விரைவில் புளித்து அமிலமாகி, வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். சாணத்தைக் கலந்தால் அந்தப் புளிப்பு கட்டுப்படும். மாம்பழப் பருவமோ இரண்டு மூன்று மாதங்களே. மற்ற மாதங்களுக்குச் சந்தையில் அழுகும் தக்காளியும் மாட்டுக்கொட்டகைகளின் சாணமும் வேண்டும். ஆகவே இங்கே நன்றாக வடிவமைக்கப்படும் எந்த ஆலையும் மாந்தோப்பு உழவரையும் பால்மாடு வைத்திருக்கும் பெண்ணையும் சந்தைத் தொழிலாளியையும் நம்பியே இயங்க முடியும். ஆலைக்கு அவர்கள் தேவை. பங்குதாரர் என்ற இடம் மட்டும் அவர்களுக்கு எந்தத் திட்டத்தாளிலும் வைக்கப்படுவதில்லை.

2025 கோடையில் என்ன நடந்தது என்பதை மறக்கலாகாது. தோதாபுரிக்கு விலை வீழ்ந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 8 ரூபாயும் முழுதாகக் கிடைக்கவில்லை என்று உழவர்கள் முறையிட்டனர். பழத்தைச் சாலையில் கொட்டினர். பிற மாநில மாங்காய்க்குச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்க, கர்நாடக முதலமைச்சர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். ஆலையோ எங்கும் ஒன்றுபட்டே பேரம் பேசிற்று. உழவரை மட்டும் மாநில எல்லை பிரித்து வைத்தது. தோலுக்கும் கொட்டைக்கும் மதிப்பு உண்டென்றால், பழத்தின் விலையில் அது சேர வேண்டாமா?

பெருந்தொழில் தன் கழிவை மீளப் பயன்படுத்தும் முறையை ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் தனியே ஆராய்ந்தார். லண்டன் மாநகரின் மனிதக் கழிவு, வயலுக்கு எருவாகாமல் பெரும் செலவில் தேம்ஸ் நதியை நாசமாக்குவதையும் அங்கேயே எடுத்துக்காட்டினார். இன்று கழிவுக்கு விலை இருக்கிறது என்பதை முதலாளித்துவம் கண்டுகொண்டது. ஆனால் பரவிக் கிடக்கும் கழிவைத் திரட்டுவது செலவு மிக்க வேலை. ஒரே இடத்தில் ஒரே பொருள் ஆண்டு முழுவதும் வேண்டும் என்பது பெருமூலதனத்தின் கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து முளைத்ததுதான் நேப்பியர் புல்.

நேப்பியர் புல் கழிவன்று. அது மாட்டுத் தீவனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4, கோ-5 ரகங்களை வேலியோரம் நட்டுப் பால்மாடு காப்பாற்றும் குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் உண்டு. நாற்பத்தைந்து நாளுக்கொரு முறை அறுக்கலாம் என்று புகழப்படுவதும் பாசனம் இருந்தால்தான். மழை பார்த்த பூமியில் அந்த விளைச்சலை எதிர்பார்ப்பவர் யாராயினும் கால்வாய் நீரையோ ஆழ்துளைக் கிணற்றையோ மனத்தில் வைத்தே பேசுகிறார்.

நிலத்தின் கதையும் இதுவே. வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதப்பட்ட இடம் ஊரின் ஆடுமாடு மேயும் இடம். விறகும் புளியும் பொறுக்கும் இடம். தலித்துகளுக்கும் நிலமற்றோருக்கும் அரசு ஒப்படைத்த நிலம் அதற்கு அடுத்த வரப்பு. அந்த ஒப்படை நிலம் கைமாறாதிருக்க 1977இல் ஆந்திரத்தில் சட்டம் இயற்றப்பட்டது. 2023இல் செய்த திருத்தம், இருபதாண்டு கடந்த ஒப்படைகளுக்கு அந்த வேலியைத் தளர்த்தியது. குத்தகை என்ற பெயரில் புல் வந்தால், வேலிக்குள் முதலில் நுழைவது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

குப்பத்துக்கு இது முதல் அனுபவமும் அன்று. 1990களின் பிற்பகுதியில் இதே முதலமைச்சர் இஸ்ரேலியத் தொழில்நுட்பப் பண்ணையை இங்கே கொண்டுவந்தார். சிறு உழவரின் வரப்புகள் அழிக்கப்பட்டன. சொட்டுநீரும் உரமும் ஊட்டி, ஊறுகாய் வெள்ளரி போன்றவை ஒப்பந்தத்தில் பயிராயின. பண்ணையைக் காணத் தலைவர்கள் வந்து போனார்கள். பண்ணை இன்று பேச்சில்தான் இருக்கிறது. நாடளவில் காட்டாமணக்கின் கதையும் அவ்வாறே. 2003இல் திட்டக்குழுவின் குழு பரிந்துரைத்தது. 2009 கொள்கை, 2017க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு உயிரி எரிபொருள் என்றது. தரிசில் நட்ட காட்டாமணக்கு காய்க்கவில்லை. நட்டம் நட்டவனுக்கே.

எத்தனால் விஷயத்தில் வரிசை முற்றிலும் தலைகீழாயிற்று. 2024-25இல் உணவுக் கழகத்தின் அரிசி 52 லட்சம் டன் எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது; விலை கிலோ ரூ.22.50. தெலங்கானாவில் நிர்மல் மாவட்டம் திலாவர்பூர் மக்கள் 2024 நவம்பரில் சாலையில் அமர்ந்து எத்தனால் ஆலைப் பணியை நிறுத்தவைத்தது, நீரும் காற்றும் என்னவாகும் என்ற அச்சத்தால்தான்.

மாற்று வழி கற்பனையன்று. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் புரா என்னும் சிற்றூரில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய ரெட்டியும் உடன் பணியாற்றியவர்களும் சமுதாயச் சாண எரிவாயு நிலையம் அமைத்தனர். சமையலுக்கென்று தொடங்கியபோது சாணம் போதவில்லை. மக்களிடம் கேட்டபோது, குடிநீர்தான் முதல் தேவை என்றார்கள். 1987இலிருந்து அதே வாயு இயந்திரத்தை ஓட்டி, நீரேற்றி, விளக்கெரித்தது. சாணம் கொண்டுவந்தவருக்குக் கூலி கிடைத்தது. செரித்த சாணமும் எருவாக அவரிடமே திரும்பிற்று. திட்டவரைபடத்தில் பிழைபட்டதை ஊர்க்கூட்டம் திருத்திற்று.

தொட்டிகளைப் பற்றி மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். செரிக்கும் தொட்டியில் மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்பைடும் பிறக்கிறது. செறிவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். 2018 பிப்ரவரியில் குப்பத்தின் அண்டையூரான பலமநேர் அருகே, ஒரு கோழிப்பண்ணைக் கழிவுத் தொட்டியில் இறங்கிய ஏழு தொழிலாளர்கள் மூச்சடைத்து மாண்டனர். ஐந்நூறு ஆலைகளின் தொட்டிகளை நாளை யார் துப்புரவு செய்வார்? ஒப்பந்தக் கூலி யாருடைய பெயரில் எழுதப்படும்? இரண்டரை லட்சம் வேலை என்று அறிவித்தவர்கள் இதற்கு விடை கூற வேண்டும்.

முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு மானியம், மாநில ஜிஎஸ்டி திருப்பித் தருதல் என்று ரிலையன்ஸுக்கு வழங்கக் கருவூலத்தில் பணம் இருக்கிறது. அப்பணத்தில் சிறு பகுதி இருந்தாலும் போதும்: சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ரேணிகுண்டா அருகிலுள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே நிலம் இருக்கிறது, சாலை இருக்கிறது, உறுப்பினர்களாக ஆயிரக்கணக்கான உழவர் இருக்கிறார்கள். மாங்கழிவுக்கும் சாணத்துக்குமான முதல் பொது ஆலை அந்த வளாகங்களில் எழட்டும். கழிவுக்கு விலை, எருவுக்கு உரிமை, தொட்டியில் இயந்திரத் துப்புரவு, கிராமசபையின் இசைவின்றி ஓர் ஏக்கர் மேய்ச்சல் நிலமும் குத்தகைக்கில்லை என்னும் தீர்மானங்களை, அடுத்த மாம்பழப் பருவம் தொடங்குமுன் உழவர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் குப்பத்தின் ஒவ்வொரு கிராமசபையிலும் முன்மொழிய வேண்டும். எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரித் தோழர்களுக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. அவர்களின் மாங்காயும் அதே ஆலைகளின் வாசலில்தான் விலைக்குக் காத்துக் கிடக்கிறது.