பிடித்து விடுவதற்கு ஒரு குளமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

கனகசெட்டிக்குளத்தில் நம் பழைய மாணவன் ஒருவன் தன் தோட்டத்துக் குட்டையில் "தூண்டில் குளம்" திறக்கப் போகிறான். ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டான், நான் வரமாட்டேன் என்றேன். அதிலிருந்து ஒரு வாரமாக பள்ளிக் குழுவிலும் குடும்பக் குழுவிலும் இதே பேச்சு. "சாருக்கு வயசாயிடுச்சு" என்று ஒருவர். "மாமாவுக்கு எதிலும் குற்றம் கண்டுபிடிக்கணும்" என்று இன்னொருவர். பையன் பெயரை நான் எழுதப் போவதில்லை. நல்ல பையன், உழைப்பாளி, வங்கிக் கடன் வாங்கியிருக்கிறான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நான் எதிர்ப்பது அவன் நோட்டீஸில் அடித்திருக்கும் ஒரே ஒரு வரியை: "பிடிப்போம், படம் எடுப்போம், விட்டுவிடுவோம். கொல்ல மாட்டோம்!"

பார்க்காமல் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் விட்டார்கள். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் நான்கு வரை அங்கேதான் இருந்தேன். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக இரண்டு கார். ஆளுக்கொரு ராடு, ரீல். மைதா மாவும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டைதான் இரை. ஒன்பது மணிக்குள் ஏழெட்டு கட்லா, இரண்டு ரோகு. ஒவ்வொன்றையும் தரையில் போட்டு, முள்ளைக் கழற்றி, காய்ந்த கையால் தூக்கிப் பிடித்து, நான்கைந்து போட்டோ. ஒரு ரோகுவை, போட்டோ சரியாக வரவில்லை என்று இரண்டாம் தடவை தூக்கினார்கள். அப்புறம் தண்ணீரில் எறிந்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். உச்சி வெயிலில் தண்ணீர் கையைச் சுட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் காவல்காரருக்கு போன் போட்டுக் கேட்டேன். மூன்று கட்லா மல்லாந்து மிதந்ததாம். அவற்றைப் படம் எடுக்க யாரும் இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் நடத்தியவன், பழக்கம் விடாது, கேளுங்கள். மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்பு அழுக்கு இல்லை. கிருமி உள்ளே போகாமல் காக்கும் உறை அது. காய்ந்த கையும் சூடான மண்ணும் பட்டால் அது உரிந்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். போராடிக் களைத்த மீனுக்கு அப்போதுதான் அதிக ஆக்சிஜன் வேண்டும். நாம் அதை எறிவது வெந்நீரில்.

"மீனுக்கு வலிக்காது சார்" என்கிறார்கள். 2003-இல் லின் ஸ்னெட்டன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அமிலம் ஏறிய மீன்கள் உதட்டைத் தொட்டியின் சரளைக் கல்லில் தேய்த்தன, மணிக்கணக்கில் தீனி எடுக்கவில்லை. அதை நம்முடைய வலி மாதிரி என்று சொல்லலாமா என்று சண்டை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடட்டும். ஒன்றுமில்லை என்று எந்த முகத்தோடு நாம் சொல்வது?

அடுத்து, "விட்டால்தானே சார் குஞ்சு பொரிக்கும்" என்ற வாதம். இதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய குட்டையில் எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் இனம் பெருகாது. அதனால்தான் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி ஊசி போட்டு முட்டையிட வைத்தது அவ்வளவு பெரிய செய்தியானது. அந்த நாளைத்தான் இன்றும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். குட்டைக்குள் விட்ட மீன் அங்கேயே இருக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முள்ளைக் கடிக்கும். அதன் வேலை அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் சால்மன், டிரவுட் இரண்டும் உயர்ந்த மீன். கெண்டை வகையறா எல்லாம் "முரட்டு மீன்". அதை அவர்கள் சாப்பிடுவதில்லை, அதனால் விட்டுவிடுகிறார்கள். அங்கே பென்சன் என்று பெயர் வைத்த ஒரு கெண்டை இருந்தது, முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அறுபது தடவைக்கு மேல் பிடித்துப் பிடித்து விட்டார்கள். 2009-இல் அது செத்தபோது பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அறுபது தடவை! ஆனால் அதே ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, விடும் எண்ணத்தோடு மீன் பிடிக்கவே கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது. நாம் மட்டும் பென்சன் கதையை இறக்குமதி செய்கிறோம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். காவிரியில் கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் மகாசீரைப் பிடித்து விட்டார்கள். அந்த முகாம்கள் இருந்ததால் வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் கிட்டே வர முடியவில்லை. முன்பு வெடி போட்டவர்களில் சிலரே அங்கே காவலுக்கும் வழிகாட்டவும் சேர்ந்தார்கள். காட்டுயிர்ச் சட்டத்தைக் காட்டி 2012 வாக்கில் அது நின்றுபோனது. நின்றதால் மகாசீருக்கு நல்லதா கெட்டதா என்று வாதாட இடம் இருக்கிறது. அழியும் நிலையில் இருக்கும் காட்டு மீன், ஓடுகிற ஆறு, அங்கே விடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆயிரம் குஞ்சு விலைக்கு வாங்கி விட்ட குட்டையில் என்ன காரணம்?

மீனை விடுவது என்றால் என்னவென்று நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் தடைக்கால அறிவிப்பு "கனகசெட்டிக்குளம் மீனவ கிராமம் முதல் மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் வரை" என்றுதான் தொடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் விலக்கு, விசைப்படகு போகக் கூடாது. அந்த 61 நாளும் படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று நிவாரணம் தாமதமான வருஷங்களில் நான் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் அந்த மாதங்களில் நோட்டு வாங்க முடியாத பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அப்பாக்கள் மீனைத் தொடாமல் இருக்கிறார்கள், வயிற்றைக் கட்டி. யாரும் கைதட்டுவதில்லை. அதே ஊரில், அதே தடைக்காலத்தில், ரோட்டுக்கு மேற்கே காசு கொடுத்து மீன் வாயைக் கிழித்துவிட்டு "நாங்கள் கொல்வதில்லை" என்று பலகை வைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் தூண்டிலுக்கு எதிரி இல்லை. மூங்கில் குச்சி, நரம்பு, நெட்டித் தக்கை, ஒரு கொட்டாங்கச்சி மண்புழு, இதோடு ஏரிக்கரையில் நான் தொலைத்த பள்ளி நாட்களுக்குக் கணக்கில்லை. பனையேறிக் கெண்டை கையைக் கிழிக்கும், கெளுத்தி முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். பிடித்ததை அம்மாவிடம் கொடுத்தால், "இந்த மண் வாடை மீனுக்கு இவ்வளவு புளியா" என்று திட்டிக்கொண்டே குழம்பு வைப்பார். தின்னப் பிடித்தோம், தின்றோம். நாலு மீன் கிடைத்தால் வீட்டுக்குப் போய்விடுவோம், அதற்கு மேல் வெயிலில் நிற்க என்ன இருக்கிறது?

வெள்ளோட்டத்தன்று ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, "அங்கிள், அது வாயில ரத்தம் வருது" என்றது. "அதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, இப்ப விட்டுடுவோம்" என்றார் அதன் அப்பா. குழந்தை நம்பிவிட்டது. எனக்குப் பயம் அதில்தான்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நான் சொல்வதைக் கேள். பிடித்த மீனைத் தலையில் ஒரே அடியில் கொன்று, எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகட்டும். ஆளுக்கு இரண்டு கிலோ, அதோடு தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் பத்து மணிக்கு மேல் குளத்தை மூடு. ரோட்டுக்குக் கிழக்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் காசில்லாமல் விடு. வருமானம் குறையும், கடன் இருக்கிறது என்பாய். உன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். நோட்டீஸில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் ரிப்பன் வெட்ட நானே வருகிறேன்.

மற்றவர்கள் திட்டுவதாக இருந்தால் எழுத்தில் திட்டுங்கள். குரல் பதிவு அனுப்ப வேண்டாம், வலது காது சரியாகக் கேட்பதில்லை.