கோட்டை போச்சு, வாசல் இருக்கு!

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வளைவுதான். வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்துவிட்டு மலையேறிவிடுவோம். வளைவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்கு, ‘ஏதோ சினிமா கம்பெனி’ என்பதோடு சரி.

அந்த ‘ஏதோ’தான் மாடர்ன் தியேட்டர்ஸ். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்தவர் டி.ஆர்.சுந்தரம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், ஊர் திரும்பி 1935-ல் தொடங்கியதோ சினிமா ஸ்டூடியோ! தமிழ்ப் பேசும் படம் எடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார் மனிதர்.

மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938) இவர்கள் தயாரிப்பு. பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்ட ‘உத்தம புத்திரன்’ (1940), கருணாநிதி வசனத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) எல்லாமே சேலத்துச் சரக்கு. சிங்களம், ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் நூறு படங்களுக்கு மேல். கண்ணதாசனும் இங்கே சம்பளம் வாங்கியவர்தான்.

சுந்தரம் 1963-ல் மறைந்தார். மகன் ராமசுந்தரம் தொடர்ந்து படம் எடுத்தார். ஆனால், சினிமா மொத்தமும் சென்னைக்குக் குடிபோய்விட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டூடியோ மூடப்பட்டது. தளங்கள் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். மொட்டை மாடியில் துணி காய்கிறது.

சுந்தரம் படித்த இங்கிலாந்தில், பிரபுக்களின் மாளிகை இடிந்துபோய் முகப்பு வாசல் மட்டும் தனியாக நிற்கும் ஊர்கள் உண்டு. அங்கே அந்த ஒற்றை வாசலையே சரித்திரச் சின்னமாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நம் வாசலுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் முழுசாக வாய்க்கவில்லை. 2023-ல் முதல்வராக இருந்த ஸ்டாலின் இதன் முன் நின்று செல்ஃபி எடுத்தார். அப்பா வசனம் எழுதிய இடமாயிற்றே! அதே ஆண்டிலேயே வளைவு நிற்கிற மண் யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் கிளம்பியது. நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும், வளைவின் மேல் கை வைக்காமல் இருந்தால் போதும் என்பது என் கட்சி. நூறு படம் பிறந்த வளாகத்துக்கு, சாலையில் போகிறவர் கண்ணில் படும் அடையாளம் இது ஒன்றுதானே?

அடுத்த தடவை ஏற்காடு போகும்போது கூட வரும் தாத்தா பாட்டியை இங்கே இறக்கிவிட்டு, ‘அலிபாபா’வை எந்த டென்ட் கொட்டகையில் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். செல்ஃபியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். ரோட்டில் வண்டிகள் வேகமாக வரும், பார்த்து நில்லுங்கள்.