மறவனுக்கு முகமூடி எதற்கு?

தனிமையும் பெருந்துயருமே ஒருவனை மாமறவன் ஆக்கும் என்று மேலைநாட்டுப் படக்கதைகள் நம் பிள்ளைகட்குக் கற்பிக்கின்றன. 1939-இல் தோன்றிய 'பேட்மேன்' என்னும் வௌவால் மாந்தன், இளமையிலேயே பெற்றோரைக் கள்வனின் சுடுகருவிக்குப் பறிகொடுத்தவன். 1962-இல் தோன்றிய சிலந்தி மாந்தனோ தன்னை வளர்த்த பெரியவரை அவ்வாறே இழந்தவன். 1972-இல் முத்து காமிக்சு தமிழில் தந்த இரும்புக்கை மாயாவி, ஆய்வுக்கூட நேர்ச்சியில் கையிழந்தவன்.

துயரைக் காட்டுவது குற்றமன்று. அதற்குக் காட்டும் வழியே குற்றமுடையது. முகத்தை மறை, பெயரை மறை, இரவில் தனியே சென்று கயவரை ஒறு! இதுதானே அவ்வழி? ஊரார்க்கு அங்கு என்ன வேலை? கைகட்டி நின்று காக்கப்படுவதே வேலை! இப்பித்து நம்மையும் பற்றியது. 2012-இல் 'முகமூடி' என்னும் பெயரிலேயே தமிழ்த் திரைப்படம் வந்தது.

கரிகாலனை எண்ணிப் பாருங்கள். பிறக்கும் முன்பே அரசுரிமை எய்தியவன் என்கிறது பொருநராற்றுப்படை. பகைவர் சிறையில், கூட்டிலடைத்த புலிக்குட்டியென வளர்ந்தவன் என்கிறது பட்டினப்பாலை. தீயில் சுடப்பட்டும் உயிர் பிழைத்தவன் என்கிறது பழமொழி நானூறு. இதனினும் கொடிய தனிமை எந்தப் படக்கதையில் உண்டு?

ஆயினும் அவனைச் செங்கோலனாக்கியது தனிமையன்று. பிடர்த்தலையார் என்னும் துணையைப் பெற்றபின்னரே அவன் நல்லாட்சி செலுத்தினான் என்று அப்பழமொழி நூலே கூறுகிறது. அவரை அவன் மாமன் என்பர். பகைவர் நாட்டை அவன் பாழாக்கியதையும் பட்டினப்பாலை மறைக்கவில்லை. ஆனால் பழிவாங்கலோடு அவன் வரலாறு முடிந்துவிடவில்லை. காடு திருத்தினான், குளம் தோண்டினான், உறையூரைச் சிறப்பித்தான். சீயபுரத்தைக் கடந்து செல்லும் காவிரி, கிழக்கே உறையூரையும் கடந்து கல்லணையை அடைகிறது. அவ்வணையை இன்றும் அவன் பெயராலேயே மக்கள் போற்றுகின்றனர்.

பெற்றோரை இழந்த பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவனிடம் "துயரை மறைத்துக்கொள், தனித்து நில்" என்று ஓதுவது அறமா? "உனக்கொரு பிடர்த்தலையார் உண்டு, உன் துயர் ஊருக்கு அணையாகட்டும்" என்பதன்றோ ஆசிரியன் சொல்லத்தக்கது!

தமிழாசிரியர்களே, ஓவியர்களே! முகமூடிகளைக் கடன்வாங்கியது போதும். முகம் மறையாத மறவனை நம் பிள்ளைகட்கு வரைந்து காட்டுங்கள். அத்துடன் அவனுக்குத் துணைநின்ற மாமனையும் மறவாது வரையுங்கள்!