பிறர் பத்தாயத்தில் விதைநெல்

தஞ்சை நாட்டு வேளாளர்க்குப் பழைய வழக்கம் ஒன்றுண்டு. விற்கும் நெல்லை வணிகர்க்கு அளந்து விடுவர். விதைநெல்லையோ தம் இல்லத்திற் கோட்டை கட்டி வைப்பர். அயலார் பொய்யர் என்பதனாலன்று. அவர் கதவடைக்கும் நாள் நம் நாற்றங்கால் நாளாதல் கூடும் என்பதனாலேயாம்.

இவ்விவேகம் கணினிச் சேவைகளை நாம் கையாளும் முறையிற் காணப்படவில்லை. மாணாக்கர் தம் பாடக்குறிப்புகளையும், ஆசிரியர் தம் ஆராய்ச்சியையும், பழைய மாணவர் தம் நிழற்படங்களையும் கண்காணா நிறுவனங்களிடம் ஒப்புவித்து, பிறிதொரு படி வையாது கவலையற்றிருக்கின்றனர்.

அந்நிறுவனங்களின் சேவைகள் நிலையானவையோ? 2004-இல் தோன்றிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. தமிழன்பர் பலர் இலக்கியம் பேசி மகிழ்ந்த யாஹூ குழுமங்கள், சேமித்த மடல்கள் நீக்கப்படும் என 2019 அக்டோபரில் அறிவிக்கப்பெற்று, 2020 டிசம்பர் 15-இல் முற்றும் நின்றன. நம் நாட்டிற் பிறந்து தமிழிலும் வழங்கிய கூ என்னும் செயலி 2024 ஜூலையில் ஓய்ந்தது. பெருஞ்செல்வமும் சுதேசியமும் காவலாகவில்லை. சேவையை நிறுத்தும் உரிமையை இத்தகைய நிறுவனத்தார் தம் உடன்படிக்கையிலேயே எழுதி வைக்கின்றனர். நாமோ அதனைப் படியாமலே இசைகின்றோம்.

"வீட்டில் வைத்தது மட்டும் நிலைக்குமோ?" எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. 2018 நவம்பரிற் கஜா புயல் நம் பக்கத்து வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தெறிந்ததை யார் மறப்பர்? ஆதலின் தொலைவிலுள்ள களஞ்சியமும் வேண்டுவதே. யாம் மறுப்பது அதனையன்று. அதனை ஒன்றையே நம்பியிருத்தலையாம்.

நம் கடற்கரைத் தரங்கம்பாடியை நோக்குக. சீகன்பால்கு ஐயர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-இல் அங்கு அச்சேறி நிறைவுற்றது. 1845-இல் டேனியர் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றனர். ஊர் கைமாறியும் நூல் மறையவில்லை. அதன் படிகள் முன்னரே பலர் கைக்குச் சென்றிருந்தன. அச்சகம் படியையே நம் கையிற் கொடுத்துவிடுகிறது. கணினிச் சேவையோ வந்து காண இசைவு மட்டும் தருகிறது. அவ்விசைவு நீங்கும் நாளில் நம் எழுத்தும் நமக்கு எட்டாதாகும்.

நம் பொருளைப் படியெடுத்துக்கொள்ளும் வசதியைப் பல சேவைகள் இன்று தருகின்றன. கதவு திறந்திருக்கும்பொழுதே அதனைப் பயன்படுத்தல் வேண்டும். மாணாக்கர் ஒவ்வொருவரும் ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன், எக்கணினியிலும் திறக்கத்தக்க எளிய வடிவிற் படியெடுத்து இரண்டிடங்களில் வைப்பாராக. நம் கல்லூரி மலரின் அச்சுப்படியும் கணினிப்படியும் நூலகத்திலும் பிறிதோரிடத்திலும் காக்கப்படுவனவாக. இதற்கு முதல்வரும் நூலகத்தாரும் இவ்வாண்டே ஆவன செய்வார்களாக.