காப்புக்கும் தமிழ் வேண்டும்

தமிழகத்து உழவன் ஒருவனின் பணம் இன்று அவன் வீட்டுப் பெட்டியில் இல்லை. அவன் மனைவியின் அஞ்சறைப் பெட்டியிலும் இல்லை. நெல் விற்ற தொகையும், முதியோர்க்கு அரசு தரும் உதவியும், 2023-இல் தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத் தொகையும் வைப்பகக் கணக்கிலேயே போய் விழுகின்றன. அக்கணக்கின் திறவுகோல் இரும்பால் ஆனதன்று. நான்கு அல்லது ஆறு இலக்கங் கொண்ட ஓர் எண். அதனைப் பிறர்க்குச் சொல்லாதே என்னும் எச்சரிக்கை கைப்பேசிக்கு வருகின்றது. எந்த மொழியில் வருகின்றது? பெரும்பாலும் ஆங்கிலத்தில்! நஞ்சுப் புட்டியின் மேல், வாங்குவோர்க்குத் தெரியாத மொழியில் 'நஞ்சு' என்றெழுதி ஒட்டிவிட்டு, உண்டவன் மாண்ட பின், "எழுதித்தானே ஒட்டியிருந்தோம்" என்று கைவிரிக்கும் கடைக்காரனை இவ்வுலகம் எதனோடு சேர்த்து எண்ணுமோ, அதனோடு சேர்த்தே இவ்வைப்பகங்களையும் எண்ணுதல் வேண்டும்.

கணினிக் காப்புத் துறையில் தேர்ந்தோர் நெடுங்காலமாகச் சொல்லி வரும் செய்தி ஒன்று உண்டு. மறையாக்கக் கணக்கை உடைத்து உள்ளே புகும் திருடர் மிகச் சிலர். ஆளை ஏமாற்றித் திறவுகோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முன்வாயில் வழியாகவே நுழைபவர் மிகப் பலர். அஃதாவது, எத்துணை வலிய மென்பொருளாயினும் அதன் கடைசி மதில் ஒரு சொற்றொடரே. 'இதைச் செய்தால் உன் பணம் போகும்' என்னும் சொற்றொடர் விளங்கினால் மதில் நிற்கும்; விளங்காவிட்டால் உள்ளே இருக்கும் கணக்கியல் நுட்பம் அனைத்தும் வீணாகும். எனவே திரையில் தமிழ் இருக்க வேண்டுமென்று நாம் கேட்பது அழகுக்காகவோ, வெறும் மொழிப்பற்றுக்காகவோ மட்டும் அன்று. கதவுக்குத் தாழ் கேட்கின்றோம்!

யு.பி.ஐ. என்னும் பணச் செலுத்துமுறை 2016-இல் வந்தது. அதனை நாம் குறைகூற வரவில்லை. காய்கறிக் கூடைக்காரி வரைக்கும் அது பயன்படுகின்றது. அம்முறையில் ஓர் அடிப்படை உண்டு. பணம் கொடுப்பவனே மறையெண்ணை இடுதல் வேண்டும். பெறுபவன் ஒன்றும் இட வேண்டுவதில்லை. இந்த ஒரே வரியை அறியாமையால் இழந்தவர் எத்தனையோ பேர்! எம்மொடு பணியாற்றி ஓய்வு பெற்ற கணக்காசிரியர் ஒருவர் தம் பழைய மரக்கட்டில் ஒன்றை விற்க முற்பட்டார். வாங்குவதாகச் சொன்னவன், "முன்பணம் அனுப்புகிறேன் ஐயா, வந்த செய்தியை அழுத்தி எண்ணைப் போடுங்கள்" என்றான். வந்தது பணமன்று, பணம் கேட்கும் வேண்டுகோள். திரையில் ஆங்கிலத்தில் 'பே' என்றிருந்தது. அவர் எண்ணைத் தட்டினார், பதினெண்ணாயிரம் போயிற்று. வைப்பகத்தில் முறையிட்ட போது, "திரையில் தெளிவாகப் போட்டிருக்கிறதே சார், படிக்கவில்லையா?" என்று கேட்டாராம் அங்கிருந்த இளைஞர். முப்பதாண்டு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் வாய் திறவாமல் வீடு வந்து சேர்ந்தார்.

தனியாள்களுக்கிடையே பணம் கேட்கும் அவ்வேண்டுகோள் முறையை 2025 அக்டோபர் முதல் அதனை நடத்தும் கழகமே நிறுத்திவிட்டது. வணிகர்க்கு மட்டும் விட்டு வைத்துள்ளது. நல்லது. ஆனால் எண்ணிப் பாருங்கள். 'உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறப் போகின்றது' என்று மக்கள் மொழியில் பேரெழுத்தில் காட்டுவதைக் கட்டாயமாக்கியிருந்தால், அந்த ஏந்தையே இழுத்து மூட வேண்டிய தேவை அவ்வளவு வந்திருக்குமா? கதவில் எழுத வேண்டியதை எழுதாமல் கதவையே சுவராக்கி விட்டார்கள்.

இனிப் பெயரைப் பார்ப்போம். 'பின் நம்பர்' என்பது இன்று சிற்றூர் வரை பரவிய சொல். அந்தப் 'பின்' என்னும் சுருக்கத்திலேயே 'நம்பர்' அடங்கியிருக்க, அதன் பின்னும் ஒரு நம்பரைக் கட்டி இழுக்கின்றோம் என்பது ஆங்கிலம் அறிந்தோர்க்கே தோன்றுவதில்லை. தமிழன் காதிலோ 'பின்' என்பது முன்னுக்கு எதிரான பின்னாக ஒலிக்கின்றது. 'ஓ.டி.பி.' என்பதோ மூன்று வெற்றொலி. அவ்வொலிகளுக்குள் மறைவு என்ற கருத்தும் இல்லை. காத்தல் என்ற கருத்தும் இல்லை. "அம்மா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று ஒருவன் தொலைபேசியில் கேட்டால், வீட்டுக்கு வந்த கடிதத்தின் எண்ணைக் கேட்பது போலத்தான் அத்தாய்க்குப் படுகின்றது. இதே இடத்தில் 'மறையெண்' என்றிருந்து, "மறையெண்ணைச் சொல்லுங்கள்" என்று அவன் கேட்டால்? மறைக்க வேண்டியதை நான் ஏன் உனக்குச் சொல்ல வேண்டும் என்று அச்சொல்லே அவளை உசுப்பிவிடும். பெயரே காவலாக நிற்கும்.

இதனாலேயே 'கடவுச்சொல்' என்று வழங்கும் ஆக்கத்திலும் எமக்கு முழு நிறைவில்லை. அது தமிழ்ச்சொல்தான், ஐயமில்லை. ஆயின் ஆங்கிலச் சொல்லின் இரு பகுதிகளையும் அப்படியே ஒற்றி எடுத்தது. கடந்து செல்ல உதவுவது என்று மட்டுமே அது கூறுகின்றது; மறைத்து வை என்று கூறவில்லை. மறைச்சொல், மறையெண் என்னும் இரண்டும் இன்னும் பொருந்துவன என்பது எம் கருத்து. 'பொதுமக்களுக்குத் தூய தமிழ் புரியாது' என்பவர்கள், ஓ.டி.பி. என்பதன் விரிவைத் தம் தெருவில் எத்தனை பேர் அறிவர் என்று ஒருமுறை கேட்டு வந்துவிட்டு எம்மோடு சொல்லாட வரட்டும்.

அடுத்து, தமிழில் குறுஞ்செய்தி விடுத்தால் செலவு கூடுகின்றதென்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கணக்கு மெய்தான். அதன் வரலாற்றையும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். 1985-இல் செருமனியின் பான் நகரில் பிரீட்கெல்ம் கில்லெபிராண்டு என்னும் பொறியாளர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வரிகளை அடித்து அடித்து எழுத்துகளை எண்ணினார். எல்லாம் ஏறத்தாழ 160-க்குள் அடங்கின. அதுவே குறுஞ்செய்தியின் அளவாயிற்று. அவர் அடித்தவை இலத்தீன் எழுத்தில் அமைந்த வரிகள். தமிழோ, அரபியோ, சீனமோ அவர் மேசைமேல் இருக்கவில்லை. ஒரு செய்திக்கு ஒதுக்கப்பெற்ற இடம் 1,120 நுண்மி. இலத்தீன் எழுத்து ஒன்றுக்கு 7 நுண்மி போதும். ஆதலின் 160 எழுத்து. தமிழை ஒருங்குறியில் விடுத்தால் குறி ஒன்றுக்கு 16 நுண்மி வேண்டும். ஆதலின் 70 குறியே கொள்ளும். அதற்குமேற் போனால் 67, 67-ஆகத் துண்டாகும். துண்டுக்குத் துண்டு கட்டணம்.

அந்த 70-உம் 70 எழுத்தன்று. ஒருங்குறியில் அகரமேறிய மெய்யே முதற்குறி. புள்ளி வைத்தால் அது மற்றொரு குறி. கொம்போ காலோ சேர்ந்தால் அதுவும் மற்றொரு குறி. 'க்' என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' ஆகும் என்பது நம் இலக்கணம். 'க' என்பதோடு புள்ளி சேர்ந்தால் 'க்' ஆகும் என்பது கணினி. 'மறையெண்' என்பது நமக்கு நான்கெழுத்து. அதற்கு ஏழு குறி. 'கடவுச்சொல்' நமக்கு ஆறு, அதற்குப் பத்து. 1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பெற்ற குறியேற்றத்தின் வழியே 1991-இல் ஒருங்குறிக்குள் நாம் நுழைக்கப்பெற்றதன் விளைவு இது. அவ்வழக்கு நெடிது, பிறிதொரு நாள் பேசலாம். இங்கே சொல்ல வேண்டியது வேறு. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை 7 நுண்மியிலேயே விடுப்பதற்கான எழுத்து அட்டவணைகள் குறுஞ்செய்தி நெறிமுறையில் பின்னர்ச் சேர்க்கப்பெற்றுள்ளன. அவற்றைப் பரவலாக நடைமுறைக்குக் கொண்டு வரக் கைப்பேசி செய்வோரும் முனையவில்லை. தொலைபேசிக் குழுமங்களும் முனையவில்லை. அவர்களை முனையச் செய்ய வேண்டிய தில்லியும் முனையவில்லை. வழியில்லாமல் நின்றது போல் காட்டிக்கொள்வது, நடக்க மனமில்லாமல் நின்றதேயாம். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதும் 'செல்லின'த்தை 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிட்டார். தனியொருவர் கடல் கடந்து செய்ய முடிந்ததைக் கோடி கோடியாய் ஈட்டும் குழுமங்கள் செய்ய முடியாதென்பது எவர்க்குச் சொல்லும் கதை?

வைப்பகப் படிவங்கள், கணக்கேடுகள் முதலான அச்சுத் தாள்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருத்தல் வேண்டுமென்று இந்திய நடுவண் வைப்பகம் நெடுங்காலமாக அறிவுறுத்தி வந்துள்ளது. அதில் இந்தி எதற்கு என்பது நம் பழைய வினா; இருக்கட்டும். தாளில் தமிழுக்கு ஓர் ஓரமாவது கிடைத்தது. இப்போது தாள் போய்த் திரை வந்துவிட்டது. தாளுக்குச் சொன்ன நெறி திரைக்கு ஏறவில்லை. சில வைப்பகங்கள் தம் செயலியில் மொழித்தேர்வு வைத்துள்ளன, மறுக்கவில்லை. ஆனால் தமிழைத் தேடிச் செல்லும் வழி முழுவதும் ஆங்கிலப் பலகையே நட்டிருக்கின்றது. தட்டித் தடவிப் போய்ச் சேர்பவன் முன்னரே ஆங்கிலம் அறிந்தவன்.

'காணொளித் தளை' என்று நாம் சொல்லத்தக்க, 'டிசிட்டல் அரெசுட்டு' என்னும் ஏமாற்று வேறு வகையானது. மும்பைக் காவல்துறை என்றும், நடுவண் புலனாய்வு என்றும் சொல்லிக்கொண்டு, கைப்பேசித் திரையில் சீருடையோடு தோன்றி, வீட்டுக்குள்ளேயே ஆளை மணிக்கணக்கில் அமர்த்தி வைத்துப் பணம் பறிக்கின்றார்கள். இந்நாட்டுச் சட்டம் எதிலும் அப்படியொரு தளை இல்லை. தலைமை அமைச்சரே 2024 அக்டோபரில் தம் வானொலிப் பேச்சில் இதைப் பற்றி எச்சரித்தார். இதில் மாட்டிக்கொண்டோருள் ஆங்கிலம் நன்கறிந்த மருத்துவரும் பொறியாளரும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மொழியறியாமை அவர்களை வீழ்த்தவில்லை. மொழி அச்சம் வீழ்த்திற்று. இந்தியில் அதட்டினால் நடுவணரசு, ஆங்கிலத்தில் அதட்டினால் வழக்குமன்றம் என்று இரண்டு தலைமுறையாய் நம்மை நடுங்கப் பழக்கி வைத்திருக்கின்றார்கள். அந்நடுக்கத்தைத்தான் திருடன் முதலாக்கிக்கொண்டான். 'என்னிடம் பேசவேண்டுமானால் தமிழில் பேசு. எழுத்தாய் அனுப்பு' என்று சொல்லத் துணிந்தவன், திருடன் தமிழில் பேசினாலும் கூடத் தப்பிக்க ஒரு மணித்துளி பெறுவான். அம்மணித்துளி போதும்; 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிடலாம்.

சட்டத்திலும் நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கின்றது. 2023-இல் நிறைவேறிய தனியாள் தரவுக் காப்புச் சட்டம், ஒருவரின் தகவலைப் பெற ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள மொழியொன்றிலோ படிக்கும் தேர்வை அவர்க்குத் தரவேண்டும் என்கின்றது. தமிழ் அப்பட்டியலில் உள்ளது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 திங்கள் தவணை கொடுத்திருக்கின்றார்கள். நாற்பது பக்க ஆங்கிலத்தின் அடியில் 'ஒப்புகின்றேன்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி வந்த நாம், இனித் தமிழில் காட்டு என்று கேட்கலாம். கேட்டால்தான் கொடுப்பார்கள். கேளாதார்க்கு எட்டாம் பட்டியலும் ஒன்றுதான், ஏட்டுச் சுரைக்காயும் ஒன்றுதான்.

நம்மவரையும் இங்கே ஒரு சொல் கேட்க வேண்டியிருக்கின்றது. பொங்கல் மலருக்குப் பொங்கல் மலர் கலைச்சொற் பட்டியல் போடுகின்றோம். 'மென்பொருளா, மென்கலமா' என்று பத்துப் பக்கம் எழுதிப் போராடுகின்றோம். அதே வேளையில், மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் விடப்பெற்ற கட்டற்ற மென்பொருள்களில், பயர்பாக்சு உலாவியையும் இலிப்ரே ஆபீசையும் தமிழில் பெயர்த்தவர்கள் கூலி பெறாத சில இளைஞர்கள். அவர்களுள் நம் கூட்டங்களுக்கு வருபவர் எத்தனை பேர்? அவர்கள் பெயர்ப்பில் ஒற்று மிகாத இடத்தைக் கண்டு நகைத்தவர் உண்டு. அமர்ந்து திருத்திக் கொடுத்தவர் குறைவு. சொல்லைப் படைத்தவன் அதனைத் திரையேற்றுபவனோடு உட்காராவிட்டால், அச்சொல் நம் மலரிலேயே மணந்து மலரிலேயே உலரும்.

அடுத்த திங்களுக்குள் இவ்விதழைப் படிப்போர் ஒவ்வொருவரும் தம் வைப்பகக் கிளை மேலாளர்க்குத் தமிழில் ஒரு மடல் எழுதுங்கள். எம் கணக்குக்கு வரும் எச்சரிக்கைகளைத் தமிழில் விடுக்க என்று கேளுங்கள். விடையை எழுத்தாய்க் கேளுங்கள். 70 குறிக்குள் அடங்காதென்று மறுமொழி வந்தால் இதனை எழுதிக் காட்டுங்கள்: 'உரூ.5000 வெளியேற மறையெண் 482913. யாரிடமும் சொல்லாதீர்.' தொகை இருக்கின்றது, எண் இருக்கின்றது, எச்சரிக்கை இருக்கின்றது. இடைவெளியும் புள்ளியும் உட்பட எண்ணிப் பார்த்தோம், 54 குறி. எஞ்சிய 16-இல் வைப்பகம் தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்.