மாடறுக்கும் மடுவங்களில் கால்நடைப் பரிசோதனை: கோரிக்கை மனு

பெறுநர்: ஆணையாளர், கண்டி மாநகர சபை
பிரதி: பணிப்பாளர் நாயகம், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், பேராதனை
சமர்ப்பிப்போர்: கண்டி நகரையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த நுகர்வோர் சங்கம்

அறுவைக்கு வரும் விலங்கை இருமுறை பரிசோதிக்க வேண்டும்: உயிரோடு நிற்கையில் ஒருமுறை, அறுத்தபின் மறுமுறை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. காய்ச்சலும் தள்ளாட்டமும் வாயில் வடியும் எச்சிலும் உயிருள்ள மாட்டில்தான் தெரியும். நுரையீரலின் காசநோய்க் கட்டி, ஈரலின் தட்டைப்புழு, தாடைத் தசையின் நாடாப்புழு நீர்க்கட்டி ஆகியவை கத்தியால் கீறிப் பார்த்தால்தான் புலப்படும்.

1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் இத்தொழிலை உரிமத்துக்கு உட்படுத்தியது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் பசு, எருமை அறுப்பைக் கட்டுப்படுத்தியது. 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. அந்த விவாதம் எவ்வாறு முடிந்தாலும் ஆடும் பன்றியும் மடுவத்துக்கு வரும். பரிசோதனைக் கடமை நீங்காது. 2024இல் நாட்டில் பரவிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இதற்குச் சான்று.

பரிசோதனை வசதி தொலைவில் உள்ளது என்று சொல்லக் கண்டியில் இடமில்லை. கட்டம்பேயில் திணைக்களத் தலைமையகமும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடமும், கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன.

ஆகவே முன்வைக்கப்படும் கோரிக்கைகள்:

1. அறுப்பதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள் ஒவ்வொரு விலங்கையும் மிருக வைத்தியர் பார்வையிட்டு எழுத்தில் சான்றளித்தல்.

2. உரிமைச் சான்று, போக்குவரத்து அனுமதிப்பத்திரம், காதடையாள இலக்கம் மூன்றையும் வாயிலிலேயே ஒப்பிடுதல்.

3. பரிசோதனை முடியும்வரை தலை, நுரையீரல், ஈரல் ஆகியவற்றை உடலின் இலக்கத்தோடு சேர்த்தே வைத்திருத்தல். ஈரல் முன்கூட்டியே கடைக்குப் போய்விட்டால் நோயின் தடயமும் உடன் போய்விடும்.

4. பகல் வெளிச்சத்தில் அல்லது வெண்ணிற விளக்கொளியில் மட்டும் இறைச்சியைப் பரிசோதித்தல். மஞ்சள் விளக்கில் காமாலை கண்ணுக்குத் தப்பும்.

5. சந்தேக மாதிரிகளைக் கன்னொறுவைக்கு அனுப்பி, முடிவை விலங்கு வந்த பண்ணைக்கும் அறிவித்தல். நிராகரித்த இறைச்சியைப் பரிசோதகர் முன்னிலையில் அழித்தல்.

6. பரிசோதனை முத்திரையில்லா இறைச்சியை விற்கும் கடைகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சோதித்தல். மாதந்தோறும் பரிசோதனைச் சுருக்கத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் மடுவ வாயிலில் ஒட்டுதல்.

இக்கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையையும் அதற்கான காலவரையறையையும் எழுத்துமூலம் அறியத்தருமாறு சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.